ஏழு தண்ணீரில் கழுவிய தவிடு

தவிட்டிலிருந்து நாரைப் பிரித்தெடுக்க ஒரு வீட்டில் என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் என்னால் யோசிக்காமல் சொல்ல முடியும். ஓர் அரிதட்டு, ஒரு பழைய வேட்டி, பெரிய சட்டி ஒன்று, நல்ல வெயில், ஒரு துளி அயடீன். இவ்வளவும் என்னிடம் இருந்தன. நான் இரசாயனவியல் ஆசிரியர். வடித்தல், கழுவுதல், உலர்த்தல் என்று இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன். தவிட்டைக் கண்டு நான் ஏன் பயப்பட வேண்டும் என்றுதான் அப்போது இருந்தது. இன்றைக்கு அடுக்களையில் அந்தச் சட்டி கண்ணில் பட்டால் நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

தொடங்கினது எனக்காகத்தான். வருடத் தொடக்கத்தில் இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட என்றார்கள். கிளினிக்கில் இருந்த வைத்தியர், "நார்ச்சத்தைக் கூட்டுங்கோ" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆசிரியனுக்கு ஒரு சொல் கிடைத்தால் போதும், அதைப் பாடமாக்கிவிடுவான். நான் தேடித் தேடி வாசித்து ஒரு கொப்பி நிறைய எழுதினேன். தானியத்தின் தோலில் இருக்கிற இந்த நாரை எங்கள் குடலால் செரிக்க முடியாது. செரிக்காமல் இருப்பதுதான் அதன் பெருமை. சோற்றின் சீனி மளமளவென்று இரத்தத்தில் ஏறாமல் மறித்து நிற்கும். கொழுப்பில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பெருங்குடலில் குடியிருக்கிற நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். இந்தக் கடைசி வரிக்குக் கீழே கோடு கூடப் போட்டிருக்கிறேன். கொப்பி இன்னும் இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சி என்று எழுதினது என்னுடைய கையெழுத்துத்தான்.

நாங்கள் இருப்பது மானிப்பாயில். மனைவியின் ஊர் புத்தூர். அங்கே ஒரு சின்ன மில்லில் மொட்டைக்கறுப்பன் நெல்லைக் குத்திச் சிவப்புத் தவிடு தருவார்கள். நான் சைக்கிளில் போகிற தூரம் இல்லை, பஸ்ஸில் போவேன். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் ஒரு நாள் வைத்தாலே காறல் மணம் வந்துவிடும். அன்றைக்குக் குத்தியதை அன்றைக்கே கொண்டுவந்து வறுக்க வேண்டும். முதல் நாள் மில்காரர் பையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எத்தினை மாடு நிக்குது சேர் வீட்டிலை?"

"மாடில்லை அண்ணை. எனக்குத்தான்."

அவர் அள்ளின பேணியை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாத்திமாருக்குச் சம்பளம் காணாது எண்டு கேள்விப்பட்டனான். இவ்வளவு மோசம் எண்டு தெரியாது."

அதன் பிறகு எப்போது போனாலும், "மாடு சுகமோ சேர்?" என்றுதான் வரவேற்பார். நானும், "சுகம் அண்ணை, நல்லாத் தின்னுது" என்பேன்.

வேலை இப்படி நடக்கும். உமியை அரித்து எடுத்துவிட்டு, தவிட்டை இளஞ்சூட்டில் வறுத்து, கொதிநீரில் கலக்கி ஆறவிடுவேன். பிறகு வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிவேன். மாப்பொருள் பால் மாதிரி வெளியேறும். துணிக்குள் நார் நிற்கும். மறுபடி தண்ணீர், மறுபடி பிழிதல். ஒரு சிட்டிகையை எடுத்து அயடீன் ஒரு துளி விடுவேன். கருநீலமாக மாறினால் இன்னும் மா இருக்கிறது என்று அர்த்தம். மண்ணிறமாகவே நின்றால் மா போய்விட்டது. அந்த நிறம் மாறாமல் நிற்கிறதைப் பார்க்க எனக்குப் பெரிய சந்தோசம். வெயிலில் பரப்பி, மேலே வலைத்துணி போட்டு, காகம் கலைத்து, காய்ந்ததும் அரைத்தால் ஒரு போத்தலில் கால்வாசிக்குத் தேறும். பிழிந்த தண்ணீரை மனைவி பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொண்டுபோய் வைப்பாள்.

"உந்தத் தண்ணியைப் பாருங்கோ" என்பாள். "சத்தெல்லாம் ஆட்டுக்கு. சக்கை எங்களுக்கு."

"அது சக்கை இல்லையப்பா, சுத்தமான நார்."

"ஆடு கொழுக்குது. நீங்கள் மெலியிறியள். எது சத்தெண்டு ஆட்டிட்டைக் கேளுங்கோ."

எனக்குச் சீனி கொஞ்சம் இறங்கியது உண்மை. நான் காலையில் ஒரு கரண்டி நாரைப் பெரிய செம்புத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பேன், பிறகு பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தேத்தண்ணியும் தண்ணீருமாக இருப்பேன். ஆசிரியர்களுக்கென்று அங்கே பூட்டும் திறப்புமாக ஒரு கழிப்பறை இருக்கிறது. இதையெல்லாம் அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. நார் வேலை செய்தது என்று மட்டும் நினைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. விடியற்காலை ஐந்தரைக்கு ரியூட்டரியில் ஒரு வகுப்பு, அங்கிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் விட்டு மறுபடி ரியூட்டரி. பின்னேரம் ஆறு மணிக்குச் சைக்கிளை முற்றத்து மாதுளை மரத்தில் சாத்திவிட்டு உள்ளே போவாள். சைக்கிள் கூடையில் கிடக்கிற தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மிச்சத்தை மாதுளைக்கு ஊற்றிவிட்டுக் கழுவி வைப்பது என் வேலை. வீட்டில் நான் ஒழுங்காகச் செய்கிற வேலைகளில் அது ஒன்று. அந்த வருடம் மாதுளை நன்றாகப் பூத்தது.

ஒரு நாள் மனைவி தேத்தண்ணியோடு வந்து குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளை நாலு நாளாக் கக்கூசுக்குப் போகேல்லையாம். வயிறு கல்லு மாதிரி எண்டுறாள். நான் சொன்னதெண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ. வெக்கப்படுவாள்."

எங்கள் வீடுகளில் இப்படித்தான். வயதுக்கு வந்த மகளின் உடம்புச் சங்கதி தகப்பனுக்குத் தாய் வழியாகத்தான் வரும். வந்தாலும் வராத மாதிரி இருக்க வேண்டும். நான் மகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமலே மருந்து செய்யத் தொடங்கினேன். மகளுக்கு உதவ எனக்குக் கிடைத்த வாசல் அது ஒன்றுதான் என்று நினைத்ததும் உண்டு.

முதலில் குரக்கன் மாப் புட்டில் ஒரு கரண்டி கலந்தேன். பிறகு, மத்தியானத்துக்குக் கொண்டுபோக வசதி என்று, ரொட்டியாகச் சுட்டுக் கட்டிக்கொடுத்தோம். மகள் முதல் வாய் கடித்து மெதுவாக மென்றாள்.

"அப்பா, இது மரம் அரியிற மரக்காலைக்குப் பக்கத்திலை வச்சுச் சுட்டதோ?"

"உடம்புக்கு நல்லது பிள்ளை."

"மரத்தூளும் நல்லதோ?"

ஆனால் சாப்பிட்டாள். டப்பா ஒரு நாளும் மிச்சத்தோடு வரவில்லை. ஒரு வாரம் கழித்து மனைவியைக் கண்ணால் கேட்டேன். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். இரண்டு கரண்டி ஆக்கினேன். அடுத்த வாரமும் அதே தலையாட்டல். சுத்தம் போதாது என்று நினைத்தேன். மூன்று தண்ணீரில் கழுவினதை ஏழு தண்ணீராக்கினேன். அயடீன் மண்ணிறமாகவே நின்றது. கரண்டியை மூன்றாக்கினேன்.

அந்த ரியூட்டரியில் சனிக்கிழமைகளில் நானும் படிப்பிக்கிறேன். பதினாறு வருடமாக. மகள் என் வகுப்பில் மூன்றாவது வரிசை வாங்கில் இருப்பாள். அங்கே நான் அவளுக்கு அப்பா இல்லை, சேர். அது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். அன்றைக்குச் சனிக்கிழமை, மதியம் தாண்டியிருக்கும். கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினால் அவள் மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"மூண்டாம் வாங்கிலை நித்திரை கொள்ளுறவை வீட்டை போய்க் கொள்ளலாம்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் நிமிர்ந்தாள். "சொறி சேர்." மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நான் கண்டேன். கண்டும் திரும்பிச் சமன்பாட்டைச் சமப்படுத்தினேன். பத்து நிமிடத்தில் அவள் வயிற்றைப் பிடித்தபடி எழுந்து வெளியே போனாள். பக்கத்தில் இருந்த பிள்ளை பின்னால் ஓடினது. கேற்றடியில் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம் கேட்டபோதுதான் என் கையிலிருந்து வெண்கட்டி விழுந்தது.

ஓட்டோவில் அவள் என் மடியில் சுருண்டு கிடந்தாள். வயிறு உப்பி, தொடவிடவில்லை. சின்னதில் காய்ச்சல் வந்தால் சொல்லுகிற மாதிரி, "அப்பா, அப்பா" என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கூப்பிட்டுக் கன காலம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மனைவியும் வந்து சேர்ந்தாள். பெண்கள் வாட்டுக்குள் மனைவியை மட்டும் விட்டார்கள், நான் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இளம் வைத்தியர் ஒருவர், ஒரு பெண், படத்தோடு வெளியே வந்தார்.

"சேர், என்னைத் தெரியேல்லையா? உங்களிட்டைப் படிச்சனான்."

எனக்கு முகம் நினைவில்லை. தலையை ஆட்டினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "குடல் அடைச்சுப்போய் நிக்குது சேர். கீழை இறுகிக் கட்டியாக் கிடக்கு, மேலை வீங்கியிருக்கு. மூக்காலை குழாய் விட்டிருக்கிறம். சேலைன் ஏறுது, கீழாலையும் மருந்து குடுக்கிறம். நாளைக் காலமை வரை பாப்பம். இளகாட்டில் வெட்டித்தான் எடுக்க வேணும்."

வெட்டி என்ற சொல் எனக்குள் போக நேரம் எடுத்தது.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

சொன்னேன். தவிடு, நார், ரொட்டி. அவர் எவ்வளவு என்று கேட்டார். "மூண்டு கரண்டி" என்றேன். "ஏழு தண்ணியிலை கழுவினது. அயடீன் போட்டும் பாத்தனான்." அந்த இடத்திலும் என் குரலில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. "மூண்டு கரண்டி நல்ல கூட, சேர். கழுவேக்குள்ளை கரையிறதெல்லாம் போய் முரட்டு நார்தான் மிஞ்சியிருக்கும். அது தண்ணி இல்லாட்டில் சீமெந்து மாதிரி. தண்ணி குடிக்கிறாவோ?"

"போத்தல் குடுத்து விடுறம்."

"குடுத்து விடுறியள். குடிக்கிறாவோ?"

மாதுளை மரம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் போத்தல் என் கையில் எவ்வளவு பாரமாக இருந்தது என்று அப்போதுதான் கை நினைத்துப் பார்த்தது. முக்கால்வாசி. சில நாளில் மூடியே திறக்கப்படாதது. எத்தனை மாதமாக அதை மரத்துக்கு ஊற்றியிருக்கிறேன்.

வைத்தியர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "மகளை ஏசாதேங்கோ சேர். நாங்களும் அப்பிடித்தான். காலமை வீட்டிலை போனா, பிறகு பின்னேரம் வீட்டை வந்துதான். உங்கடை ரியூட்டரி வகுப்பிலை ரெண்டு வருசம் இருந்தனான். ஒரு நாளும் தண்ணி குடிச்சிட்டு வந்து இருந்ததில்லை."

"ஏன்?"

"கக்கூஸ் கதவுக்குக் கொளுக்கி இல்லை, சேர்." படத்தை உறைக்குள் வைத்தார். "இப்பவும் இல்லையாம். உங்கடை மகள் சொன்னவ."

அன்றிரவு மனைவி அவளோடு நின்றாள். எனக்கு அனுமதி இல்லை. மறுநாள் ஞாயிறு, விடிந்ததும் போய்க் கேற்றடியில் நின்றேன். பார்வையாளர் நேரம் பன்னிரண்டுக்குத்தான். மனைவியின் தொலைபேசியில் மின் இறங்கிவிட்டது போல, எடுத்தால் சத்தமில்லை. உள்ளே அவளை வெட்டப்போகிறார்களா, வெட்டிவிட்டார்களா என்றும் தெரியாது. காவலாளியிடம் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை அவர், "ஐயா, பன்னிரண்டு மணி எண்டா பன்னிரண்டு மணிதான், நான் என்ன செய்ய" என்றார், கோபமில்லாமல். நிற்க முடியவில்லை. கால் போன வழியில் ரியூட்டரிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒருவரும் இல்லை. பதினாறு வருடத்தில் முதல் முறையாக வகுப்பு நடக்கிற கொட்டிலுக்குப் பின்னால் போனேன். தகரக் கதவு ஒன்று. கொளுக்கி இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஓட்டை. கதவைச் சாத்தினால் திரும்பத் தானாகத் திறந்துகொண்டது. வாளி இல்லை. குழாயைத் திறந்தேன், காற்று வந்தது. கதவுக்கு நேரே முன்னால், பத்தடி தூரத்தில், ஆண் பிள்ளைகள் சைக்கிள் நிறுத்துகிற இடம். நான் உள்ளே நின்று கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் கூட்டத்தோடு உள்ளே ஓடினேன். வாட்டு வாசலில் மனைவி நின்றாள். நித்திரை இல்லாத முகம். என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள்.

"என்னப்பா?"

"இளகீட்டுது" என்றாள். "விடியப்புறம் தொடங்கி, மூண்டு தரம் வயித்தாலை போட்டுது. ஒப்பரேசன் தேவையில்லையாம்."

இப்படி ஒரு செய்திக்காக ஐம்பத்திரண்டு வயதில் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அழுவேன் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பழங்களோடு வந்த ஒருவர் என்னைக் கண்டு, ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள், பிளாஸ்ரர் ஒட்டின இடம் சிவந்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார் தாதி. நான் கரண்டியை எடுத்தேன். அவசரத்தில் முதல் கரண்டி அவள் கழுத்தில் ஊற்றுப்பட்டது.

"இதையும் ஏழு தரம் கழுவினீங்களோ?" என்றாள். குரலே இல்லை, ஆனாலும் பகிடி.

இரண்டாவது கரண்டி வாய்க்குள் போனது. விழுங்கினாள். பிறகு மூன்றாவது.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? கொளுக்கி இல்லை எண்டு."

"உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது?" கண்ணை மூடிக்கொண்டாள். "அங்கை நீங்கள் சேர்தானே."

"அது சரி. அந்த ரொட்டி… ஒத்துக்கொள்ளேல்லை எண்டா நிப்பாட்டியிருக்கலாம். ஏன் சாப்பிட்டனீ?"

இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தாள். கொடுத்தேன்.

"நீங்கள் வெயிலுக்கை நிண்டு காகம் கலைக்கிறதைக் கண்டனான்" என்றாள்.

பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடிக்கும் வரை கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அரைக் கோப்பை போயிருக்கும்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் கொளுக்கி வாங்கி நானே பூட்டினேன். வெளியே ஒன்று போதாது என்று உள்ளே இரண்டு. ரியூட்டரி உரிமையாளரிடம் போய் நின்றேன், குழாயில் தண்ணீர் வந்தது, வாளி வந்தது, கதவுக்கு முன்னால் ஒரு தட்டி மறைப்பு வந்தது. பதினாறு வருடம் வராதவை நான்கு நாளில் வந்தன, அவ்வளவு லேசான வேலை. இப்போது வகுப்பின் நடுவில் பத்து நிமிடம் நிறுத்தி, என் போத்தலைத் திறந்து எல்லாருக்கும் முன்னால் குடிக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிலர் குடிக்கிறார்கள். சிலர் இன்னும் குடிப்பதில்லை. எனக்கு அது யார் யார் என்று தெரியும்.

அடுக்களைப் போத்தலில் மிச்சம் இருந்த நாரை ஆட்டுக்கு வைக்கக் கொண்டுபோனேன். "பக்கத்திலை வாளித் தண்ணியும் வையுங்கோ" என்றாள் மனைவி, பின்னால் நின்று. வைத்தியர் சொன்னபடி இப்போது வீட்டில் தீட்டாத மொட்டைக்கறுப்பன் சோறும், மரக்கறியும், காலையில் குரக்கன் கஞ்சியும்தான். நார் தானியத்துக்குள்ளேயே இருக்கட்டும். புத்தூருக்கு இப்போது அரிசி வாங்கத்தான் போகிறேன். போன முறை மில்காரர் வழக்கம்போலக் கேட்டார். "மாடு சுகமோ சேர்?" தின்கிற கதையை விட்டுவிட்டு, "சுகம் அண்ணை" என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல் அரிசியை நிறுத்தார்.

பயம் மட்டும் போகவில்லை. மகள் சாப்பிட்டுக்கொண்டே வயிற்றில் கை வைத்தால் என் சோறு நின்றுவிடும். பின்னேரம் சைக்கிள் சத்தம் கேட்டால் முற்றத்துக்கு வந்து நிற்கிறேன். முன்னரும் அந்தப் போத்தலை எடுத்தேன்தான், ஆனால் இப்போது முதலில் நிறுத்துப் பார்ப்பது போலக் கையில் தூக்கிப் பார்க்கிறேன். அவளுக்குத் தெரியும்.

"வழியிலை ஊத்திப்போட்டு வாறன் எண்டு நினைக்கிறியளோ?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை." நினைத்திருக்கிறேன்.

நேற்று எடுத்தபோது அடியில் ஒரு மிடறு தண்ணீர் இருந்தது. நான் அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றியபடி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அது மாதுளைக்கு, அப்பா. பாவம், வாடுது."

ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. பிறகு கிணற்றடிக்குப் போய், மரத்துக்கென்று ஒரு வாளி அள்ளினேன்.